பதினெட்டுச் சித்திகள்

உலகநாதனுக்கு எதையும் எண் போட்டுத்தான் எழுத வரும். எட்டாம் வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், பொருள், பார்வை, விவரம் மூன்றும் இல்லாத கடிதம் தலையில்லாத முண்டம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் முண்டம் எதையும் தபாலில் சேர்த்ததில்லை. பால்காரருக்கு எழுதி வைக்கும் சீட்டில்கூட 'பொருள்: நாளை பால் வேண்டாம்' என்று இருக்கும்.

இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் கேட்டதும் அப்படித்தான். பொருள்: மறுமணம் – கருத்து அறிதல் தொடர்பாக. பார்வை: தங்கள் தமையனார் நேரில் கூறியது. அதன் கீழே நான்கு வரிசை. ஒன்று, மனைவி காமாலையில் காலமாகி இரண்டு வருஷம். இரண்டு, ஒன்பது வயதில் ஜெயா என்று ஒரு மகள். மூன்று, பாதித்தோப்புக் கிளை நூலகத்தில் நூலகர் வேலை, நிரந்தரம். நான்கு, சாதி பார்ப்பதில்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் பாலர் பள்ளி ஆயாவாக இருந்த தனபாக்கியத்திடமிருந்து ஒரு கார்டு வந்தது. "தங்கள் கடிதம் கண்டேன். நான்கும் சரி. இரண்டாவதைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்."

என்ன எழுதுவதென்று தெரியாமல் அவர் பேசாமல் இருந்துவிட்டார். தை மாதம் கட்சி மன்றத்தில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. மாலை மாற்றிக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கலர் சோடா. அவர் பக்கத்துச் சொந்தம் யாரும் வரவில்லை. "மீன்காரியைக் கட்டுறவன் வீட்டுல நாங்க என்னத்தைச் சாப்பிடுறது" என்று பெரியப்பா சொன்னதாகக் கேள்வி. சோடாவுக்கு அவர் ஏன் அப்படிக் கவலைப்பட்டார் என்று உலகநாதனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சொந்தக்காரர்களை விட்டுவிடலாம். ஜெயாவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, தட்டை வீசவில்லை. தனபாக்கியத்தோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவுதான். மோர் வேண்டுமானால் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்து, "மோர் வேணுமாம்" என்பாள், யாரோ வெளியூர்க்காரர் வந்து கேட்டதுபோல. தனபாக்கியமும் அந்த வெளியூர்க்காரருக்கு மோர் ஊற்றி வைத்துவிடுவாள். மூன்று மாதம் இப்படி ஓடியது.

பங்குனியில் மன்னார்குடியிலிருந்து ஜெயாவின் தாய்மாமன் உத்திராபதி எழுதினார். அங்கே உரக்கடை வைத்திருப்பவர். எண் போடாத கடிதம், ஆனால் விஷயம் தெளிவு. மே மாதம் முதல் தேதி வந்து குழந்தையை அழைத்துப்போகிறேன், இனி எங்கள் வீட்டிலேயே வளரட்டும், பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லி வைத்தாயிற்று. ஜெயாவிடம் படித்துக் காட்டினார். "சரிப்பா" என்றாள். அந்தச் சரியைக் கேட்ட பிறகு உலகநாதனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மாவட்டத் தலைமையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. கிளை நூலகங்களில் சிறுவர் பகுதி திறக்கப்படுகிறது. குடும்பம், மன உணர்ச்சிகள், பலதரப்பட்ட மக்களின் வாழ்க்கை ஆகியவற்றைச் சொல்லும் நாற்பது நூல்களைத் தேர்ந்து, ஏப்ரல் இருபத்தைந்துக்குள் பட்டியல் அனுப்புக. உலகநாதன் அதை மூன்று முறை படித்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அரசாங்கம் தன் வீட்டுக் கஷ்டம் தெரிந்து எழுதிய முதல் கடிதம் அது என்று அவருக்குப் பட்டது. நாற்பதில் ஒன்று ஜெயாவுக்கு. புதிதாக வந்த அம்மாவும் நல்லவளாக இருக்கலாம் என்று அந்தப் புத்தகம் சொல்லிவிடும். அவர் வாயால் சொல்லவேண்டிய அவசியம் இராது. தன் வாயை நம்புவதைவிட அச்சடித்ததை நம்புவது அவர் வழக்கம்.

ரூல் தாளில் கட்டம் போட்டார். குடும்பம், கோபம், பயம், ஏழை, பணக்காரன், கடல், வயல், இதர மதம் என்று பத்தி பத்தியாகப் பிரித்தார். ஊரைக் கலந்துகொள்ளவேண்டும் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்ததால் ஊரையும் கலந்துகொண்டார். இது அவர் செய்த முதல் தப்பு.

அப்போது பாதித்தோப்பில் இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கமாட்டார்கள் என்கிற நிலை. அறுவடைக் கூலிச் சண்டை தை மாதத்தோடு முடியவில்லை. நில உச்சவரம்புச் சட்டம் வேறு பதினைந்து ஏக்கருக்கு இறங்கியிருந்தது. நிலக்காரர் ஸ்ரீநிவாசன் தன் நிலத்தை மாப்பிள்ளை, மைத்துனன், மைத்துனன் மகன் என்று எழுதி வைத்து, கடைசியில் வீட்டுப் பூனைக்கும் ஒரு பட்டா இருக்கிறது என்று பேச்சு. அவர் வந்து, எந்தக் கதையிலும் மிராசுதார் கெட்டவனாக வரக்கூடாது, வந்தால் குழந்தைகள் மனசு கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் காத்தான் வந்து, மிராசுதார் நல்லவனாக வந்தால் அது புராணம், அதற்குத் தனி அலமாரி வையுங்கள் என்றார். பலசரக்குக் கடை நெய்னா முகம்மது ஒன்றே ஒன்று கேட்டார். "எந்தக் கதையைத் திறந்தாலும் நம்மாளு தாடி வச்சுக்கிட்டு அத்தர் விக்கிறான், சார். நான் உளுந்து விக்கிறேன். உளுந்து விக்கிறவன் ஒருத்தன் வர்ற மாதிரி பாருங்க."

உலகநாதன் எல்லாவற்றையும் கட்டத்தில் எழுதிக்கொண்டார். மனசுக்குள் ஓடியது என்னவோ ஒரே பத்திதான். நல்ல சித்தி.

சென்னைப் பதிப்பகங்கள் ஆறுக்கு எழுதினார். பொருள்: நற்குணம் வாய்ந்த மாற்றாந்தாய் இடம்பெறும் சிறுவர் நூல் – இருப்பு விவரம் கோருதல். நான்கு பேர் பதில் போடவில்லை. ஒருவர் ஜாதகப் புத்தகப் பட்டியல் அனுப்பினார். இன்னொருவர் மட்டும் பொறுப்பாக எழுதினார்: "எங்களிடம் மாற்றாந்தாய்க் கதைகள் பதினொன்று உள்ளன. எல்லாரும் கொடுமைக்காரிகள்தான். மொத்தமாக எடுத்தால் இருபது சதவீதம் கழிவு உண்டு."

அதைப் படித்ததும்தான் உலகநாதன் திரும்பித் தன் அலமாரிகளைப் பார்த்தார். நல்ல சித்தி இல்லை என்பது ஒரு பக்கம். தன் நூலகத்திலேயே எத்தனை கெட்ட சித்திகள் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சிறுவர் புத்தகம் ஒன்று விடாமல் படித்தார். ஒருத்தி மூத்தாள் மகளைக் கிணற்றில் தள்ளுகிறாள். ஒருத்தி பாலில் விஷம் வைக்கிறாள். ஒருத்தி, பாவம், வேறு யோசனை தோன்றாமல் கிழிந்த பாவாடை கொடுக்கிறாள். கணக்கெடுத்ததில் பதினெட்டுப் புத்தகம். பதினெட்டையும் அடுக்கிக் கொண்டுபோய் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஏதோ பெரிய காரியம் செய்ததுபோல அன்றைக்கு இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார். நூலகர்களில் இப்படியும் ஒருவர் இருப்பார் என்று எந்த வாத்தியாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

நெய்னா முகம்மதுவின் மகள் ரசியா பேகம் மறுநாள் கிணறு வருகிற புத்தகத்தைக் கேட்டாள். இல்லை என்றார். பால் வருகிற புத்தகத்தைக் கேட்டாள். அதுவும் இல்லை. அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். நெய்னா முகம்மது கடையில் சொன்னார். கடையில் சொன்னது நாலு தெரு சுற்றி வருவதற்குள் பெருத்துவிட்டது. ராஜா, சாமி வருகிற புத்தகங்களையெல்லாம் ஒளித்துவைக்கச் சொல்லி ஆட்சியிலிருந்து ரகசிய உத்தரவு என்று அக்கிரகாரத்தில் பேசிக்கொண்டார்கள். ஏழைப்பட்டவன் கஷ்டப்படுகிற கதைகளையெல்லாம் நிலக்காரர் சொல்லி எடுத்துவிட்டார்கள் என்று கூலிக்காரர்கள் இருந்த தெற்குத் தெருவில் பேசிக்கொண்டார்கள். இரண்டு தெருவும் தனித்தனியாக மனு எழுத ஆரம்பித்து, வெள்ளைத்தாள் வாங்க நெய்னா முகம்மது கடையில் சந்தித்துக்கொண்டதில், மனு ஒன்றாகிவிட்டது. கூலியில் ஒரு மரக்கால் நெல்லுக்கு ஐந்து வருஷமாக ஒத்துப்போகாதவர்கள், உலகநாதன் விஷயத்தில் அரை மணி நேரத்தில் ஒத்துப்போனார்கள். ஊருக்கு அவரால் ஆன நன்மை என்று எதையாவது சொல்லவேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி, மத்தியானம். பரீட்சை விடுமுறைக்கு ஜெயா நூலகத்தில்தான் இருந்தாள், மூலை மேஜையில். தனபாக்கியம் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே நுழைந்தாள். அவள் பின்னாலேயே காத்தானும் ஸ்ரீநிவாசனும் சேர்ந்து நுழைந்தார்கள். அவர்கள் இருவரையும் ஒரே வாசற்படியில் பார்த்த உடனேயே உலகநாதனுக்கு விபரீதம் என்று புரிந்துவிட்டது.

புத்தகங்கள் எங்கே என்று கேட்டார்கள். அவருக்கு ஒரு பொய் வேண்டியிருந்தது. கரையான், என்றார்.

"பதினெட்டுப் புத்தகத்தை மட்டும் தேடித் தேடித் தின்ன கரையானா, சார்?" என்றார் காத்தான்.

"படிச்ச கரையான் போலருக்கு" என்றார் ஸ்ரீநிவாசன். "சாவியைக் கொடுங்கோ. எங்க தரப்புல எதை எடுத்தேள்னு பார்த்துடறோம்."

தனபாக்கியம் தூக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் முன்னால் தகராறு பண்ணினால் இன்னும் கேவலம் என்று அவர் சாவியைக் கொடுத்துவிட்டார். காத்தான் பீரோவைத் திறந்து பதினெட்டையும் மேஜையில் அடுக்கினார். இருவரும் ஆளுக்கு ஒன்பதாகப் பிரித்துக்கொண்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்து புரட்டினார்கள். ஸ்ரீநிவாசன் சாமியைத் தேடினார். சாமி ஒரு புத்தகத்தில் இருந்தார், மற்றதில் இல்லை. காத்தான் கூலிக்காரனைத் தேடினார். ஒரு விறகுவெட்டி மட்டும் வந்தான், அவனும் ராஜாவாகிவிட்டான். புத்தகத்தை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. "இதுல என்ன ஓய் இருக்கு?" என்று ஸ்ரீநிவாசன் காத்தானையே கேட்டார்.

மூலை மேஜையிலிருந்து ஜெயா சொன்னாள்.

"எல்லாத்துலயும் சித்தி வருது."

காத்தான் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக மூடி வைத்தார். ஸ்ரீநிவாசன் தனபாக்கியத்தைப் பார்த்தார், பிறகு பார்க்காததுபோல ஜன்னலைப் பார்த்தார். உலகநாதனுக்கு உண்மையாகவே கரையான் வந்து மேஜை, பீரோ, நூலகர் எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போகக்கூடாதா என்று இருந்தது.

தனபாக்கியம் தூக்கைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே இருந்த புத்தகத்தை எடுத்து, நின்றபடியே படித்தாள். கிணற்றுச் சித்தி. இரண்டு பக்கம், மூன்று பக்கம். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து உலகநாதன் எழுந்தார். நிமிர்ந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இவ, விடிஞ்சா எந்திரிச்சா பிள்ளையைக் கொடுமைப்படுத்துறதைத் தவிர ஒரு வேலையும் பாக்கமாட்டேங்கிறா. இந்த வீட்டுல சோறு யாரு பொங்குறது?"

அவரைத்தான் கேட்டாள். ஜெயா மேஜையிலிருந்து எழுந்து வந்து, தனபாக்கியத்தின் முழங்கைக்குக் கீழே எட்டிப் பார்த்து, "வேலைக்காரி இருக்கா. அடுத்த பக்கத்துல வருவா, பாருங்க" என்றாள்.

பாருங்க என்றாள். சுவரிடம் இல்லை.

உலகநாதன் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். இந்தப் பெண்ணுக்கு எப்படி அடுத்த பக்கம் தெரியும்? புத்தகங்களின் பின் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். தை முதல் பங்குனி வரை, பதினெட்டுப் புத்தகமும் ஒரே உறுப்பினர் எண்ணுக்கு வழங்கப்பட்டிருந்தன. அவர் மகளின் எண். ஒவ்வொன்றிலும் தேதி முத்திரை, கோணாமல், கட்டத்துக்குள், அவர் கையால் குத்தியது. வீட்டுக்கு வந்திருக்கிறவள் எப்படிப்பட்டவள் என்று குழந்தை வாரம் ஒன்றரைப் புத்தகம் வீதம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். விசாரணைக்கு வேண்டிய ஆவணங்களை இவர்தான் முத்திரை குத்தி எடுத்துக்கொடுத்திருக்கிறார்.

காத்தான் கனைத்துக்கொண்டு எழுந்தார். திங்கட்கிழமைக்குள் புத்தகம் அலமாரிக்கு வந்தாகவேண்டும் என்று மட்டும் சொன்னார். ஸ்ரீநிவாசனுக்கு மனு மடியை உறுத்தியது. எண்பத்தேழு கையெழுத்து, இரண்டு தெருவும் சேர்ந்து போட்டது, இனி இப்படி ஒன்று ஜென்மத்துக்கும் கிடைக்காது. இருவரும் யோசித்து, மேலே இருந்த விஷயத்தை அடித்துவிட்டு, வாசகசாலைக்கு மின்விசிறி வேண்டும் என்று எழுதிக்கொண்டுபோனார்கள்.

பதினெட்டுப் புத்தகமும் அலமாரிக்குத் திரும்பின, ஆனால் அங்கே தங்கவில்லை. தனபாக்கியம் உறுப்பினராகச் சேர்ந்து, விதிப்படி இரண்டிரண்டாக எடுத்துப்போனாள். விளக்கு வைத்ததும் அடுப்பங்கரையில் வாசிப்பு தொடங்கும். முதல் நாள் அவள் பாலர் பள்ளிக் குரலில், எல்லாரையும் ஒரே மாதிரி இனிமையாகப் படித்தாள். ஜெயாவுக்குப் பொறுக்கவில்லை.

"இப்படிப் படிச்சா அந்தப் பொண்ணுக்கு ஏன் பயம் வரும்? கெட்ட குரல்ல படிங்க."

"எனக்கு வராதே."

"பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க. ஏ மூதேவி, தண்ணி எடுத்துட்டு வா."

தனபாக்கியம் பல்லைக் கடித்துச் சொல்லிப் பார்த்தாள். போதவில்லை. ஜெயா செய்து காட்டினாள். மூன்றாம் நாள் தனபாக்கியத்தின் குரல் தெருமுனை வரை கேட்டது. பக்கத்து வீட்டு ராஜம்மாள் பதறிக்கொண்டு வந்து, குழந்தையை இப்படியா திட்டுவது என்று உலகநாதனைக் கோபித்துக்கொண்டாள். அது கதை என்று அவர் விளக்கினார். "எல்லாக் குடும்பத்துலயும் இப்படித்தான் சொல்றாங்க" என்று அவள் நம்பாமல் போனாள்.

ஒரு பக்கத்தை மட்டும் ஜெயா படிக்க விடமாட்டாள். எல்லாக் கதையிலும் அது முதலிலேயே வந்துவிடும். பெற்றவள் சாகிற பக்கம். "அது வேணாம், தள்ளுங்க" என்பாள். தனபாக்கியமும் தள்ளிவிடுவாள். ஐந்தாறு நாள் இப்படித் தள்ளிய பிறகு ஒரு சாயங்காலம், தள்ளிய கையோடு, "எனக்கும் இப்படி ஒரு பக்கம் இருக்கு" என்றாள். வலை போட்டுவிட்டு வருகிறேன் என்று போன அவள் புருஷன் வராத கதையைச் சொன்னாள். கரையில் நாலு நாள் நின்றதையும், ஐந்தாம் நாள் கட்டுமரம் மட்டும் ஒதுங்கியதையும் சொன்னாள். சொன்னது ஏழெட்டு வரிதான். ஜெயா புத்தகத்தை மூடிவிட்டு, "எங்கம்மா கண்ணு மஞ்சளா இருந்துச்சு" என்றாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் ரூல் தாளும் கையுமாக உலகநாதன் உட்கார்ந்திருந்தார். கட்டுமரம் ஒதுங்கியது அவருக்கு இன்றுதான் தெரியும். மகள் அம்மாவின் கண்ணைப் பார்த்திருந்தாள் என்பதும் இன்றுதான் தெரியும். மூன்று மாதத்தில் ஒருத்தியிடமும், இரண்டு வருஷத்தில் இன்னொருத்தியிடமும் கேட்கத் தோன்றாத ஒருவர், மாவட்டத்துக் குழந்தைகளுக்கு மன உணர்ச்சிகள் பற்றி நூல் தேர்ந்துகொண்டிருந்தார். அவர் எழுந்து உள்ளே போனார். மோர் இருக்கிறதா என்று கேட்டார்.

பட்டியல் போய்ச் சேரவேண்டிய நாளுக்கு முந்தின தினம் கட்டத்தாளை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய் இருவரிடமும் கொடுத்துவிட்டார். ஜெயா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தப்பே செய்யாத குழந்தை வருகிற புத்தகத்தையெல்லாம் அடித்தாள். அப்படிப்பட்டதுகளோடு யார் விளையாடுவார்கள் என்பது அவள் வாதம். கடலைப் பற்றி இருந்த ஒன்றைத் தனபாக்கியம் அடித்தாள். எழுதினவர் கரையில் நின்றுகூடப் பார்த்ததில்லை என்றாள். உளுந்து விற்கிறவர் கடைசிவரை கிடைக்கவில்லை. நாற்பதுக்கு இருபத்துமூன்றுதான் தேறியது. அதை அப்படியே அனுப்பினார். நல்ல சித்தி அதில் ஒன்றும் இல்லை.

மே முதல் தேதி காலை உத்திராபதி வந்தார். கல்யாணத்துக்கு வராதவர், முற்றத்தைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை. குழந்தையின் தகரப்பெட்டி தயாராக வாசலில் இருந்தது. உலகநாதன் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு நாளாக அவர் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தார். கேட்கத்தான் இல்லை. கேட்டால் சரிப்பா என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

"கிளம்பலாமாம்மா?" என்றார் உத்திராபதி.

ஜெயா செருப்பை மாட்டினாள். பிறகு கழற்றினாள். அடுப்பங்கரை வரை ஓடிப்போய்த் தனபாக்கியத்தைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள். மாமன் எதிரிலேயே சொன்னாள்.

"இன்னும் ஆறு இருக்கு. நான் வந்துதான் படிக்கணும். நீங்க தனியாப் படிக்கக்கூடாது."

"ஒரு பக்கம்கூடவா?"

"ஒரு பக்கம்கூட."

உத்திராபதி ஜெயாவைப் பார்த்தார். அவள் பிடித்திருந்த கையைப் பார்த்தார். உரக்கடைக்காரர், எது வேர் விடுகிறது, எது விடவில்லை என்று பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் முறையாகத் தனபாக்கியத்தோடு பேசினார்.

"எப்பக் கொண்டாந்து விடட்டும், தங்கச்சி?"

உலகநாதன் தேதி சொல்ல வாயெடுத்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

"பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்கு முந்தி, அண்ணே" என்றாள் தனபாக்கியம். "உள்ள வாங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்."

உத்திராபதி ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஜெயா அவருக்கு இலை எடுக்க ஓடினாள். வாசலில் பெட்டியும் உலகநாதனும் மிஞ்சினார்கள். பெட்டியை வெயிலிலிருந்து நகர்த்தி வைக்கலாம் என்று, ஒரு பிள்ளையின் வாழ்நாள் சாமான் மொத்தத்தையும் தூக்குகிற திடத்தோடு இரண்டு கையாலும் பிடித்து ஒரு தம் கட்டித் தூக்கினார். உள்ளே இரண்டு பாவாடை சட்டைதான் இருந்தது போலிருக்கிறது. தூக்கிய வேகத்தில் பின்னாலேயே சாய்ந்து, வாசல் மண்ணில் பெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.